தூலோனிலிருந்து வந்த இரண்டு டயர்கள்

தூலோன், பிரான்சு
9 ஜூன் 1975

தங்கை தனக்கொடிக்கு அண்ணன் கோவிந்தராசு எழுதுவது.

அம்மாவின் காரியம் முடிந்து நான் விமானம் ஏறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே வந்த நாள் முதல் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன். வலை நூல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரக்காணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரு குப்பம் விடாமல் சுற்றி விற்கிற மனிதர் அவர். அந்த வண்டியின் டயரை நான் பார்த்தேன். பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டை. கேட்டால், "அடுத்த மாசம் ரீட்ரெட் போட்டுக்கலாம் மச்சான்" என்று சிரிக்கிறார். தேய்ந்த டயரின் மேல் புதுத் தோல் ஒட்டி இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவது நம் ஊரில்தான் நடக்கும்.

அதனால் இரண்டு டயர் வாங்கிவிட்டேன். அளவு அங்கேயே குறித்துக்கொண்டு வந்திருந்தேன், மூன்றேகால் பதினாறு. நல்ல கடையில் நானே நின்று பொறுக்கி எடுத்தேன். என்னோடு வேலை பார்த்த தேவதாஸ் ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறார். கப்பலில் வருகிற அவருடைய சாமான் பெட்டியில் டயர்களையும் வைத்திருக்கிறேன். ஆகஸ்டுக்குள் உன் வீட்டுக்கு வந்து சேரும்.

மாப்பிள்ளையிடம் சொல். அடுத்த வக்கான்ஸ் லீவுக்கு நான் வரும்போது அவர் பின்னால் உட்கார்ந்து, அந்த டயரில் கடலூர் வரைக்கும் ஒரு தரம் போய்வர வேண்டும்.

கோவிந்தராசு


வைத்திக்குப்பம், புதுச்சேரி
30 ஆகஸ்ட் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

டயர் வந்துவிட்டது. தேவதாஸ் ரிக்ஷாவில் கொண்டுவந்து இறக்கியதும் தெருவே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு, பளபளவென்று. உள்ளே தூக்கி வைத்ததில் இவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க மை. வாசனையே வேறாக இருக்கிறது, பூட்ஸ் பாலிஷ் மாதிரி. என் மாமியார் பச்சையம்மாள் கிட்டே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "பாரீசுல ரப்பருக்குக்கூட செண்டு அடிக்கிறானுவ போலக்குது" என்றார்கள்.

இவர் மறுநாளே மாட்ட வேண்டும் என்று ஸ்பானரை எடுத்துவிட்டார். நான் விடுவேனா? கிளிஞ்சலும் கருவேல முள்ளும் கிடக்கிற பாதையில் பிரான்சு டயரை ஓட்டுவதா? என் கல்யாணத்துக்கு நீங்கள் கொண்டுவந்த பூப்போட்ட தட்டுகளையே நான் இன்னும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. "டயரு ஓட்றதுக்கா, கும்புடறதுக்கா?" என்று கேட்டார். "எங்கண்ணன் வரட்டும், அவரு கண்ணு முன்னால மாட்டு" என்று சொல்லிவிட்டேன். இப்போது இரண்டும் பழைய வேட்டியில் சுற்றி, ஆணியில் தொங்குகின்றன. யார் வீட்டுக்கு வந்தாலும் அவிழ்த்துக் காட்டுகிறேன்.

இவர் ரீட்ரெட் போட்டுக்கொண்டு நாகப்பட்டினம் போயிருக்கிறார். நீங்கள் சீக்கிரம் வாருங்கள். வந்தால்தான் இந்த அப்பாவி மனிதருக்கு டயர் கிடைக்கும்.

தனக்கொடி


தூலோன்
2 செப்டம்பர் 1981

தனக்கொடிக்கு,

குழந்தையின் காதுகுத்துப் படம் கிடைத்தது. அம்மாவின் பெயரை வைத்ததாலோ என்னவோ, செல்வாம்பாளுக்கு அம்மாவின் நெற்றியே இருக்கிறது. வண்டியின் பெட்ரோல் டாங்கி மேல் உட்காரவைத்து எடுத்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

ஆனால் என் பார்வை கீழே சக்கரத்துக்குப் போயிற்று. அதில் இருப்பது நான் அனுப்பிய டயர் இல்லை. உள்ளூர் டயர், அதுவும் புதிது. ஏழு வருஷமாக நான் வரமுடியாதது என் குற்றம்தான். இங்கே லீவு என்பது நாம் கேட்டதும் கிடைப்பதில்லை. அதற்காக நான் கொடுத்ததைச் சுவரில் மாட்டிவைத்து, மாப்பிள்ளை கடையில் போய் வேறு வாங்குவது எனக்கு எதைச் சொல்கிறது? என் பொருள் அவருக்கு ஆகாது என்றால் நேரே எழுதியிருக்கலாம். அனுப்பியவனுக்கும் மனம் என்று ஒன்று உண்டு.

நவம்பர் 12 காலை மதராஸில் இறங்குகிறேன். மத்தியானம் வீட்டில் இருப்பேன். இதைப் பற்றி நேரில் ஒன்றும் கேட்கமாட்டேன்.

கோவிந்தராசு


வைத்திக்குப்பம்
8 அக்டோபர் 1981

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் பொருள் ஆகாது என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. நீங்கள் வந்ததும் மாட்டுவது என்று வைத்திருந்தோம், அவ்வளவுதான். தட்டாஞ்சாவடி மெக்கானிக் இருசப்பன் ஏதோ சொல்கிறார். மெக்கானிக்குகள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள், அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் வந்து இறங்கும்போது வண்டி உங்கள் டயரோடு வாசலில் நிற்கும். இது என் வாக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு வாருங்கள். எனக்குப் பிறந்த வீடு என்று இனி நீங்கள் ஒருவர்தான்.

தனக்கொடி


தூலோன்
10 ஜனவரி 1982

தனக்கொடிக்கு,

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. நான் புறப்பட்டபோது நீ வாசல்வரைகூட வரவில்லை. உன் துக்கம் பெரியது, தெரியும். அதனால் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கருமாதியன்று நான் சொன்னதற்காக நீ என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

நான் இல்லாததைச் சொல்லவில்லை. உன் வீட்டுக்கு மாலையும் கையுமாக வந்து இறங்கினேன். தவளக்குப்பம் முனையில் மாப்பிள்ளை விழுந்துவிட்டார் என்றார்கள். ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாலை நேராக இருந்தது. லாரி அதன் பக்கத்தில் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. டயர் என்னுடையது, ஒரு பட்டன்கூடத் தேயவில்லை, புத்தம் புதிது. அப்படி இருக்க, தெரிந்த ரோட்டில் ஒரு மனிதன் எப்படி லாரிக்கு அடியில் போவான்? கருமாதிக்கு வந்த மீனவர் சங்கத்துக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். "சாராயக் கடை வாசல்லேருந்துதான் வந்துருப்பாரு, வேற என்னா?" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

உன்னையும் குழந்தையையும் அநாதையாக்கிய மனிதர்மேல் எனக்குக் கோபம் வரக்கூடாதா?

கோவிந்தராசு


வைத்திக்குப்பம்
3 மார்ச் 1982

அண்ணாவுக்கு,

கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

இவர் குடித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குப்பத்துக்குக் குப்பம் ஊற்றிக்கொடுக்க ஆள் இருந்தும், "வண்டில போறவன்" என்று சொல்லி சோடா குடித்துவிட்டு வந்தவர். ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து எழுதியே கொடுத்திருக்கிறார்கள். வயிற்றில் இருந்தது நான் சுட்ட இட்லியும் கடலூர் முதுநகரில் குடித்த டீயும். அந்தக் காகிதத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவேன்? புதுச்சேரியில் ரோட்டில் விழுந்தவன் குடித்தவன்தான் என்று ஊர் சொல்வதற்கு எப்போதும் தயாராக இருக்கிறது. அதற்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. அது என் கூடப்பிறந்தவரின் வாயாக இருந்தது. சட்டையும் காலில் சப்பாத்துமாக, பிரான்சிலிருந்து வந்தவர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

செல்வாம்பாளைப் பள்ளிக்கூடத்தில் "குடிகாரன் பொண்ணு" என்கிறார்கள். அவளுக்கு ஆறு வயது.

போலீஸ் விட்டதும் வண்டியை இருசப்பன் எடுத்துப் போனார். டயரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். கறுப்பு அத்தனையும் துணியில் வந்துவிட்டதாம். கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே ரப்பர் வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது. நகத்தை அழுத்தினேன், பதியவில்லை. "பட்டன் தேயலன்னா டயரு புதுசுன்னு அர்த்தம் இல்லம்மா. ரப்பருக்கும் வயசு உண்டு. இது ஈர ரோட்ல கல்லு மாதிரிதான் போவும்" என்றார். பக்கவாட்டில் ஓர் இடத்தில் கத்தியால் சுரண்டியிருக்கிறது. சுரண்டியது போக 1964 என்ற எண் மட்டும் மிச்சம் இருக்கிறது.

நீங்கள் கடையில் நின்று பொறுக்கி எடுத்ததாக எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அது எந்தக் கடை?

நவம்பரில் முதல் வருஷத் திதி வருகிறது. கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். அன்று அவர்கள் முன்னால் வாசிக்க எனக்கு ஒரு கடிதம் வேண்டும். அவர் குடித்திருக்கவில்லை, டயர்தான் கெட்டது என்று உங்கள் கையெழுத்தில் வேண்டும். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

தனக்கொடி


தூலோன்
25 ஏப்ரல் 1982

தனக்கொடிக்கு,

ஒரு மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அண்ணனைக் கேள்வி கேட்கிறாய். 1964 என்பது தயாரிப்பு நம்பராக இருக்கும். சுரண்டல் கப்பலில் வரும்போது உரசியதாக இருக்கும். ஆறு வருஷம் கடற்காற்றில் மாட்டிவைத்தது நீ, நான் இல்லை.

குழந்தைக்கு கௌனும் சப்பாத்தும் அனுப்புகிறேன். அளவு எழுது. நீ கேட்கும் கடிதத்தால் போன உயிர் திரும்பி வராது.

கோவிந்தராசு


வைத்திக்குப்பம்
6 ஜூலை 1982

அண்ணாவுக்கு,

சப்பாத்து அனுப்பவேண்டாம். அளவு எழுத மாட்டேன்.

சுவரில் மாட்டிவைத்தது நான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். உங்களுடையதைக் கேட்பதற்கு முன்னால் என்னுடையதை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அப்போதாவது உங்கள் பேனா நகர்கிறதா என்று பார்க்கிறேன்.

80-இல் இவர் அந்த டயர்களை எனக்குத் தெரியாமல் இருசப்பனிடம் கொண்டுபோனார். மாட்டாதே என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இவர் அப்படியே கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டு, "ஒங்கண்ணனுக்கு எழுதாத, மனசு நோவும்" என்றார். பிறகு புது டயர் வாங்கக் கிளம்பினார். பெண் பார்க்கக்கூட இவ்வளவு யோசித்ததில்லை. பத்து நாள். இருசப்பன் பட்டறையில் தரையை ஈரமாக்கி, ஒவ்வொரு டயரையும் கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தாராம். முன்னால் நேர்க்கோடு போட்டது, ஈரத் தாரில் திசை மாறாமல் போக. பின்னால் கட்டை கட்டையாக வெட்டியது, குப்பத்து மணலில் பிடிக்க. மாட்டிக்கொண்டு வந்த அன்று பச்சையம்மாள் அத்தையை உட்காரவைத்து கோரிமேடு வரை ஓட்டிக் காட்டினார். காதுகுத்துப் படத்தில் நீங்கள் பார்த்து முகம் சுளித்தது அந்த டயர்களைத்தான்.

உங்கள் கடிதம் வந்ததும் நான்தான் கழற்றச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். நான் சாப்பிடவில்லை. பேசவில்லை. எனக்கு இருக்கிற ஒரே அண்ணனை வாசலில் வைத்து அவமானப்படுத்துகிறீர்கள் என்று அழுதேன். நவம்பர் பத்தாம் தேதி, நல்ல டயர் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு உங்களுடையதை மாட்டினார். "நாலு நாளுக்குத்தானே, அவரு ஊருக்குப் போனதும் மாத்திக்கலாம்" என்றார். நான் மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி காலை கடலூர் முதுநகருக்கு நூல் கொடுக்கப் போனார். நீங்கள் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று புறப்பட்டார். தவளக்குப்பத்தில் மழை. ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் பிடித்தார். அங்கே வேர்க்கடலை விற்கிறவர் பார்த்திருக்கிறார். "சைக்கிள் வேகத்துலதான் வந்தாரும்மா, வண்டி சோப்பு மேல போற மாதிரி போச்சு" என்றார்.

அவரைக் கொன்றதில் என் பங்கு இது. ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பங்கை எழுதுங்கள்.

தனக்கொடி


தூலோன்
2 அக்டோபர் 1982

தனக்கொடி,

உன் கடிதத்தை மூன்று மாதமாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

கடையில் வாங்கவில்லை. நான் சிப்பாய் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. நான் ராணுவ முகாமின் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். வயது கடந்த சாமான்களை அங்கே ரெஃபோர்மே என்று முத்திரை குத்தி வெளியே தள்ளுவார்கள். எரிக்கவேண்டிய குவியலில் அந்த இரண்டு டயர்களும் கிடந்தன. ஓடாதவை, பட்டன் தேயாதவை. அளவும் சரியாக இருந்தது. அதுதான் கெட்ட காலம்.

முத்திரையைக் கத்தியால் சுரண்டினேன், பக்கத்தில் இருந்த தயாரிப்பு வருஷம் மட்டும் போகவில்லை. வெடிப்பு தெரியாமல் இருக்க இரண்டு டப்பா பூட்ஸ் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். அம்மா செத்ததற்கு வெறுங்கையோடு வந்தேன் என்று பேசினார்கள். அடுத்த தரமும் வெறுங்கை ஆகிவிடக்கூடாது என்று இருந்தது. கெட்டது என்று தெரியாதா என்று கேட்பாய். தெரியும். இந்த நாட்டு ரோட்டுக்குத்தான் ஆகாது, நம் ஊருக்கு இது தாராளம் என்று நினைத்தேன். ரீட்ரெட்டில் ஓட்டுகிறவருக்கு இது மேல் அல்லவா என்று நினைத்தேன்.

தவளக்குப்பத்தில் அந்தச் சக்கரத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும், தனக்கொடி. மழையில் பாலிஷ் கரைந்து ரோட்டில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று பயந்தேன். அதனால்தான் முந்திக்கொண்டு குடித்திருந்தார் என்றேன்.

இதை வாசிக்கத்தான் வேண்டும் என்றால், டயர் பழசு என்பதை மட்டும் வாசி. பாலிஷையும் முத்திரையையும் விட்டுவிடு. தேவதாஸ் அங்கே இருக்கிறார், தன் பெட்டியில் வந்தது எது என்று அவருக்குத் தெரியாது. ஊரில் என் பெயர் ஒன்றுதான் எனக்கு மிச்சம். என்னை மன்னிக்க முடிந்தால் ஒரு வரி எழுது. கூப்பிட்டால் வருகிறேன்.

கோவிந்தராசு


வைத்திக்குப்பம்
20 நவம்பர் 1982

கோவிந்தராசு அண்ணா,

திதி முடிந்தது. கருமாதிக்கு வந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தேவதாஸும் வந்திருந்தார். இலை போடுவதற்கு முன்னால் உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். பாலிஷை விடச் சொன்னாய். விடவில்லை. முத்திரையையும் விடவில்லை. உன் பெயர் உனக்கு மிச்சமாக இருக்கவேண்டும் என்றால், அவருடைய பெயரை நீ எடுத்திருக்கக் கூடாது.

"அப்ப குடிக்கலியா?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கிறார்.

பிறகு என் பங்கையும் சொன்னேன். நல்ல டயரைக் கழற்ற வைத்தவள் நான், சாப்பிடாமல் கிடந்து மாட்ட வைத்தவள் நான் என்று அத்தையைப் பார்த்துச் சொன்னேன். அவரைப் பெற்ற தாய். மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நின்றேன்.

அத்தைக்கு முகம்கூட மாறவில்லை. "தெரியும்" என்றார்கள். விபத்தன்று காலை புறப்படும்போதே அவர் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். "புதுசா மாட்டின டயரு வழுக்குதும்மா. அவ அண்ணன் பாத்தா சந்தோஷப்படுவாரு, பாத்துட்டுப் போவட்டும். நான் மெதுவாவே போயி வந்துடறேன்" என்றாராம். ஊரே குடிகாரன் என்று சொன்னபோது ஏன் அத்தை வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"தொறந்தா ஒன்னத்தானே சொல்லணும்? அவன் செத்துட்டான், ஊரு என்னா சொன்னா அவனுக்கு என்னா. நீ உசுரோட இருக்கணுமே, புள்ள இருக்குதே. அதான் சும்மா இருந்துட்டேன்" என்றார்கள்.

மகனைக் குடிகாரன் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு, ஒரு வருஷம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்காக. நீ என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன்.

மன்னிக்க ஒரு வரி கேட்டிருக்கிறாய். என்னிடம் இல்லை. என்னையே நான் மன்னிக்காதபோது உனக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

ஆனால் நீ வா. மாலை வேண்டாம், பெட்டி வேண்டாம், கையில் ஒன்றும் கொண்டுவராதே. வண்டியை இருசப்பனிடமே கொடுத்துவிட்டேன். இவர் பொறுக்கி எடுத்த அந்த இரண்டு டயர்களையும் மறுபடி மாட்டித்தான் கொடுத்தேன். அதனால் உன்னைக் கூட்டிவர இங்கே யாரும் இல்லை, பஸ் ஏறி வா. வந்து, சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, அத்தைக்கு எதிரில் நின்று அவர் குடிக்கவில்லை என்று சொல். நான் வாசித்தது என் குரலில். அவரைக் குடிகாரன் என்று அவர்கள் கேட்டது உன் குரலில். அதே குரலில்தான் இதையும் அவர்கள் கேட்கவேண்டும்.

சொன்ன பிறகு நீ திரும்பிப் போகலாம். அன்றைக்கு வாசல்வரை வருகிறேன்.

தனக்கொடி